ஒன்றும் கேட்பதில்லை

தம்பிதுரை தன் தங்கை வர்ஷினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு
3 ஜூன் 2025

"அம்மணி, அண்ணன் பேசறேன். வண்டிய ஓரமா நிறுத்தீட்டுப் பேசறேன், லாரிச் சத்தம் வந்தா கோவிச்சுக்காத. உன்ற நங்கை விசயந்தான், எம்பொண்டாட்டியப் பத்தித்தான். அவளுக்கு முன்ன மாதிரி புத்தி இல்ல கண்ணு. என்ன சொன்னாலும் 'ஆகட்டுங்க'ங்கறா. வண்டிச் சாவியக் காணோம்னாலும் ஆகட்டுங்க, அம்மாவுக்குக் காச்சல்னாலும் ஆகட்டுங்க. தறிக்குப் போறா, சோறாக்கறா, அதெல்லாம் சுத்தமா இருக்குது. பேச்சுத்தான் எங்கயோ போயிருது. மந்தமாயிட்டா, கொஞ்ச நாளைக்கு அவங்கம்மா ஊட்டுல கொண்டுபோயி உட்டுட்டு வான்னு அம்மா சொல்றாங்க. ஒருக்கா உட்டுட்டா அப்பறம் கூட்டியாற மனசு வருமான்னு எனக்கே தெரியல. நீதான் மெசினுக்குப் புத்தி இருக்குதா இல்லையான்னு பாக்கற வேலை செய்யறயே. இவளையும் நாலு கேள்வி கேட்டுப் பாத்துச் சொல்லு. நாஞ்சொன்னேன்னு அவகிட்டச் சொல்லீராத. வெச்சர்றேன்."

*

கணபதி, கோவை
8 ஜூன் 2025

அன்புள்ள நங்கைக்கு,

வர்ஷினி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணனும் குழந்தை கனிஷ்காவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நான் கிளம்பும்போது "போனெல்லாம் வேண்டாம் கண்ணு, காயிதம் போடு" என்று சொன்னீர்கள். எனக்குப் போனில் பேசக் கூச்சம் என்பதை வீட்டில் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன்.

விடுதி மாடியில் இருக்கிறது. கீழே லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பு கதறுகிறது. உங்கள் தறிக்குடோன் நினைவு வருகிறது.

என் வேலை என்னவென்று விடுதி அம்மா கேட்டார். செயற்கை நுண்ணறிவுக்குப் பொதுவான அறிவு எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கக் கேள்வி எழுதுகிறேன் என்றேன். "ஓ, பொது அறிவா? எந்த மலை ஒசரம்னு கேப்பீங்களாட்ட இருக்குது" என்றார். இல்லை என்று சொல்ல வந்து, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்கே சரியாகத் தெரியவில்லை. எந்த மலை உயரம் என்பதெல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். யாரும் சொல்லித்தராத புது விஷயத்தை அது தானாகப் புரிந்துகொள்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். எங்கள் குழுத் தலைவி ஷ்ரவ்யா மேடம் சொன்னது: "மனுசங்களுக்கு லேசா இருக்கோணும், மெசினுக்குக் கஷ்டமா இருக்கோணும். அந்த மாதிரி எழுது."

அதற்கு நீங்கள் உதவ வேண்டும். கீழே உள்ளவற்றுக்கு மனதில் பட்டதை எழுதுங்கள். எங்கள் கேள்விகளை யாரும் இணையத்தில் போடக்கூடாது, போட்டால் மெஷின் படித்துவிடும். காகிதத்தை அது படிக்காது என்ற தைரியத்தில் அனுப்புகிறேன்.

விருந்துக்கு வந்தவர் எழுந்து "வாரேனுங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டுகிறார். அவர் வருகிறாரா, போகிறாரா?

பெண் பார்க்க வந்தவர்கள் "ஊருக்குப் போயிச் சொல்லியனுப்பறமுங்க" என்று சொல்லி, காபியைப் பாதி வைத்துவிட்டுப் போகிறார்கள். முடிவு என்ன?

ஒரு குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு குடத்தை நிமிர்த்தி, உள்ளே கொய்யாப்பழம் போட்டு, பவானிக்கு எடுத்துப் போனேன். எலுமிச்சம்பழம் எங்கே?

பதில் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு,
வர்ஷினி

*

அந்தியூர்
20 ஜூன் 2025

அன்பு அம்மணிக்கு,

பூங்கொடி எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை, தைலம் தேய்த்துவிடுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? விடுதிச் சோறு பிடிக்கவில்லையென்றால் எழுது, பருப்புப்பொடி இடித்து அனுப்புகிறேன்.

உன் கேள்விகளைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். வாரேன் என்றவர் போகிறார். போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினால் நம் வீட்டில் யாராவது விடுவார்களா? பாதிக் காபி வைத்தால் முடியாது என்று அர்த்தம். காபி நன்றாக இல்லையென்றாலும் பாதி வைப்பார்கள். ஆனால் பெண் பிடித்திருந்தால் எந்தக் காபியையும் குடித்துவிடுவார்கள். உங்க அண்ணன் என்னைப் பார்க்க வந்தபோது சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருந்தேன், மடக்கென்று குடித்தார். கேட்டுப் பார், மறுப்பார்.

உன் எலுமிச்சம்பழம் குடத்தை நிமிர்த்தும்போதே விழுந்து உருண்டிருக்கும். அம்மிக்கடியில் தேடு. கொய்யாப்பழத்தைக் குடத்தில் போட்டுப் பவானிக்கு ஏன் போனாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் தெரியாத மெஷினுக்கா சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள்?

தறி ஓடுகிறது. நாளும் ஓடுகிறது. நீ எழுதிக்கொண்டே இரு. எழுத்து நல்லது அம்மணி. பேசினால் பேசியது போய்விடும், எழுதியது எதிரே நிற்கும்.

பூங்கொடி

*

வர்ஷினி அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி
24 ஜூன் 2025

அண்ணா, நங்கை எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் எழுதியிருக்கிறார். புத்தியில் ஒரு குறையும் இல்லை. அம்மா வீட்டில் விடும் பேச்சை எடுக்காதீர்கள். காபியில் உப்பா?

*

கணபதி
6 ஜூலை 2025

அன்புள்ள நங்கைக்கு,

சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். பருப்புப்பொடி வேண்டும்.

உங்கள் பதில் எல்லாம் சரி. மெஷினின் பதிலும் எல்லாம் சரி. அம்மிக்கடியில் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன், நீங்களாவது புரிந்துகொள்ளுங்கள். நாங்கள் கேள்வி எழுதுகிறோம், அது தவறாகச் சொல்கிறது. இன்னும் புத்தி வரவில்லை என்கிறோம். அடுத்த மாதம் புதிதாக ஒன்று வருகிறது, அதே கேள்விகளுக்குச் சரியாகச் சொல்கிறது. உடனே அந்தக் கேள்விகளில் ஒன்றுமில்லை என்று குப்பையில் போட்டு, வேறு எழுதுகிறோம். யோசித்துச் சொன்னதா, எங்கோ படித்ததைச் சொன்னதா என்று கேட்டால், "அதுதாம்மா யாருக்கும் தெரியல" என்கிறார் ஷ்ரவ்யா மேடம்.

போன வாரம் எனக்கு ஓர் அவமானம். நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் எழுதியிருந்தேன். மெஷின் முழு மதிப்பெண் வாங்கியது. பக்கத்து நாற்காலி நசுருதீன் அண்ணனுக்குச் சந்தேகம். கேள்வியை எடுத்துவிட்டு, வெறும் நாலு விடையை மட்டும் கொடுத்தார். அப்போதும் சரியாகச் சொன்னது. கேள்வியே இல்லாமல் சரியான விடை! பார்த்தால், சரியான விடையைத்தான் நான் அக்கறையாக நீளமாக எழுதியிருக்கிறேன். அது நீளத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. "உன்ற மூஞ்சியிலயே பதில் எழுதியிருக்குது அம்மணி. கேக்கறவங்க மூஞ்சி தெரியாத மாதிரி கேக்கோணும்" என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். மார்க்குக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை என்று அவருடைய அப்பா, அவருடைய மார்க்குப் பட்டியலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாராம்.

வேறு மாதிரி கேள்வி தேட வேண்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் சட்டென்று புரிகிற பேச்சாக. ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அண்ணனோடு சண்டையில்லாமல் இருக்கிறீர்கள்தானே?

வர்ஷினி

*

அந்தியூர்
21 ஜூலை 2025

அன்பு அம்மணிக்கு,

நீ சுகமாக இருக்க குருநாதசாமியை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பொடி பார்சல் வந்ததா? உளுந்து கொஞ்சம் தூக்கலாகிவிட்டது.

மெஷின் கதையை இரண்டு தடவை படித்தேன். கேள்வி இல்லாமலே பதில் சொல்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைத்தான். பாவமாக இருந்தது. அதுவும் என்ன செய்யும், எதிரே நிற்பவர்கள் ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போது ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

சண்டையைப் பற்றிக் கேட்டாய். நீ படித்தவள், ஒரு வரி எழுதினால் புரிந்துகொள்வாய் என்று எழுதுகிறேன். உங்க அண்ணனிடம் இதைக் காட்ட வேண்டாம். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அவரோடு சண்டை. இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் சண்டையும் இல்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது. தறிக்காரிகள் பலருக்கும் கடைசியில் இப்படித்தான் ஆகிறது என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சீக்கிரமாக ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று உனக்குத் தோன்றினால் எழுது. ஒன்றும் தோன்றாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டாய் என்று ஒரு வார்த்தை எழுது.

பூங்கொடி

*

கணபதி
30 ஜூலை 2025

அன்புள்ள நங்கைக்கு,

நான் சுகம், பொடியும் சுகம். விடுதியில் எல்லோரும் என் அறைக்கு வந்து சாப்பிட்டே தீர்த்துவிட்டார்கள்.

உங்கள் கடிதம் எனக்கு எவ்வளவு நிம்மதி தந்தது தெரியுமா? எதையும் கேட்காமல் இருக்கிற அந்தப் பக்குவம் எனக்கு எப்போது வருமோ. சம்பள உயர்வு கேட்கலாமா, கூடாதா என்று தினம் மனதுக்குள் அடித்துக்கொள்கிறேன். தெரிந்துகொண்டேன் நங்கை. ஒன்றும் செய்ய வேண்டாம், அப்படியே இருங்கள். கேட்காமல் இருப்பது ஒரு வரம்.

இன்னொரு நல்ல செய்தி. கோபிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில், பெயரைப் போடாமல் உங்கள் வரிகளையே கேள்வியாக வைத்துவிட்டேன். 'முன்பெல்லாம் சண்டை, இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை, வீடு நிம்மதி.' இதை எழுதிய பெண்ணின் நிலை என்ன என்று கேட்டேன். மனிதர்களுக்குச் சட்டென்று புரியும். இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டாள், சண்டை ஓய்ந்தது. மெஷின் என்ன சொன்னது தெரியுமா? 'இந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. அதை வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார் என்று தோன்றுகிறது' என்றது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "நிம்மதின்னு எழுதியிருக்காங்க, இது காது டாக்டராட்டப் பேசுது" என்று நசுருதீன் அண்ணன் மேசையைத் தட்டினார்.

சைபர் போட்டேன். என் கேள்வியில் மெஷின் தோற்றது இதுதான் முதல் தடவை. இந்த வாரத்தின் சிறந்த கேள்வி என்று ஷ்ரவ்யா மேடம் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். எல்லாம் உங்களால். நான் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

இப்படி இன்னும் நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

வர்ஷினி

*

கணபதி
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நங்கைக்கு,

எல்லோரும் சுகமா? உங்கள் கடிதம் வரவேயில்லை. குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அண்ணன் வண்டியில் தீவனம் ஏற்றுகிறார் என்று தெரியும். வீட்டில் ஆள் வந்தபடி இருந்திருப்பார்கள், எழுத நேரமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வரிகளை எடுத்தது தவறா? பெயர் எங்கும் இல்லை. ஆனால் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியில் ஒரு குழப்பம் வந்திருக்கிறது. ஷ்ரவ்யா மேடம் அதையே மறுபடி மறுபடி கேட்கச் சொன்னார். மெஷின் ஒரு தடவை காது என்கிறது, ஒரு தடவை கேட்பதை விட்டுவிட்டாள் என்கிறது. ஒரே வாய், இரண்டு பதில். அப்படியானால் அதற்கு என்ன புரிந்தது? இரண்டுமே புரிந்ததா, ஒன்றுமே புரியவில்லையா? மேடத்துக்கும் தெரியவில்லை. மாடிப்படி இறங்கும்போதெல்லாம் இதுதான் ஓடுகிறது.

ஒரு வரியாவது போடுங்கள்.

வர்ஷினி

*

தம்பிதுரை வர்ஷினிக்கு அனுப்பிய குரல் பதிவு
12 செப்டம்பர் 2025

"அம்மணி, பயந்துராத. உன்ற நங்கைக்கு ஒண்ணும் ஆகல. கை தப்பிச்சுது. குடோன்ல கரண்டு போயி வந்திருக்குது. மெயினைப் போடறேன், தள்ளி நில்லுங்கன்னு குடோன் ஓனரு அரங்கசாமியண்ணன் பின்னாலிருந்து கத்தியிருக்காரு. இவ தறிக்குள்ள கைய உட்டு நூலப் பாத்துட்டே நிக்கறா. பக்கத்துத் தறிக்காரி புடிச்சு இழுத்துப்போட்டா. காதுல உளுகலையான்னு கேட்டேன். 'உளுந்துச்சுங்க, நாந்தான் ஏதோ ரோசனையா இருந்துட்டேன்'ங்கறா. அரங்கசாமியண்ணன் இனி வர வேண்டாமுன்னுட்டாரு. நல்ல மனுசன், மரியாதையாத்தான் சொன்னாரு. அவ எல்லாம் சரியா எழுதறான்னு நீ சொன்னே. எழுதி என்ன பண்றது? அடுத்த மாசம் அவங்கம்மா ஊட்டுல உட்டர்லாம்னு முடிவு பண்ணியாச்சு."

*

கணபதி
12 செப்டம்பர் 2025

நங்கை,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதினீர்களே, அது எந்தக் கேட்பது?

வர்ஷினி

*

அந்தியூர்
17 செப்டம்பர் 2025

அன்பு அம்மணிக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். கையில் கீறல்கூட இல்லை. நீ அழுதுகொண்டு உட்கார்ந்திருக்காதே.

உன் மெஷின் சொன்னதுதான்.

எனக்குக் கேட்பதில்லை என்று எழுதியிருக்க வேண்டும். அந்த 'எனக்கு' எழுத வரவில்லை. எழுதினால் அது என்னுடையதாகிவிடும் என்று இருந்தது. நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீயும் 'தெரிந்துகொண்டேன்' என்று எழுதினாய். ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்காமல் இருப்பது வரம் என்றாய். பிறகு எல்லோரும் சிரித்ததையும் எழுதினாய். அம்மணி இப்படி எழுதுவாளா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று உன் ஒரு வரி வந்த பிறகுதான், நீ வேறு ஒன்றைப் படித்திருக்கிறாய் என்று புரிந்தது. உன்மேல் எனக்கு வருத்தமில்லை. எழுதியது எதிரே நிற்கும் என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன். எதிரே நின்றும் என்ன ஆயிற்று, பார்.

போன வருசம் தொடங்கியது. தறி நின்ற பிறகும் காதுக்குள் தறி ஓடும். பிறகு அதுவும் தூரமாகிவிட்டது. குடோனில் எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசுவோம், அங்கே தெரியாது. வீட்டில் முகத்தைப் பார்த்தால் பாதி தெரியும். மீதிக்கு ஆகட்டுங்க. நீ போன் பண்ணினால் முகம் இல்லை. அதனால்தான் காயிதம் போடச் சொன்னேன். உன் கூச்சத்துக்காக அல்ல.

முதலில் அனுப்பிய கேள்விகள் யாருக்காக வந்தன என்றும் தெரியும். உங்க அண்ணனுக்கு முகத்தை ஒளிக்கத் தெரியாது. இருந்தாலும் பதில் எழுதப் பிடித்திருந்தது.

அவரிடம் சொல்லாதே. மந்தம் என்றால் ஒரு நாள் தெளிந்துவிடும் என்று காத்திருப்பார்கள். செவிடி என்றால் அதுவே பெயராகிவிடும், கூப்பிடக்கூட வேறு பெயர் வேண்டியதில்லை. இரண்டில் எது மேல் என்று பார்த்தேன். பார்த்துப் பார்த்து, தறிக்குள் கை போகிற வரைக்கும் வந்துவிட்டேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை கண்ணு.

பூங்கொடி

*

கணபதி
21 செப்டம்பர் 2025

அன்புள்ள நங்கைக்கு,

நான் நன்றாக இல்லை. நீங்களாவது தைரியமாக இருங்கள்.

என்ன எழுதினாலும் வேறு அர்த்தம் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் படித்துப் படித்து அடிக்கிறேன். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். வரும் வியாழக்கிழமை உங்களைக் கோவைக்கு அழைத்து வரும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பரிசோதனை என்று மட்டும்தான் சொன்னேன். புத்தியைச் சோதிக்கத்தான் என்று அவராக நினைத்துக்கொண்டார். நீங்கள் சொல்லாதே என்றதால் நான் திருத்தவில்லை.

ஷ்ரவ்யா மேடத்திடம் போய், அந்தக் கேள்விக்கு நான் போட்ட சைபர் தவறு என்று சொன்னேன். அழுதுவிட்டேன். மேடம் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, இரண்டு அர்த்தம் வரும் கேள்வி செல்லாது என்று பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார். மெஷினுக்குச் சைபரும் இல்லை, மார்க்கும் இல்லை. உங்கள் வரி இப்போது எங்கும் இல்லை.

பேருந்தில் ஈரோட்டில் இறங்கி மாறும்போது அண்ணன் பின்னால் நடக்காதீர்கள், பக்கத்தில் நடங்கள்.

வர்ஷினி

*

கணபதி
2 அக்டோபர் 2025

அன்புள்ள நங்கைக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அண்ணன் சொன்னார். அம்மா என்ன சொன்னார்கள்? காது ஆஸ்பத்திரி அறையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது, திரும்பியபோது அண்ணன் ஏன் அப்படி நின்றார் என்று பேருந்து நிலையத்தில் கேட்டீர்கள். அங்கே அவ்வளவு கூட்டத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதல் சுற்றில், காதைச் சோதித்த அந்த மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். நீங்கள் தூக்கிக்கொண்டே இருந்தீர்கள். "காது பெருசா மோசமில்லையே" என்று அவர் காகிதத்தைக் காட்டினார். "நாந்தான் அப்பவே சொன்னனே. காதெல்லாம் இவளுக்குப் பாம்புக் காது. புத்திக்கு எங்க பாப்பாங்க, அங்க போலாம்" என்று அண்ணன் செருப்பைத் தேடினார்.

எனக்கு ஒரு நிமிடம் எல்லாம் குழம்பிவிட்டது. கடிதத்தைத்தான் மறுபடியும் தவறாகப் படித்துவிட்டேனா என்று பயந்தேன். அப்போதுதான் அந்த மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் ஒவ்வொரு தடவையும் லேசாக நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். அவர் நிமிர்ந்ததும் நீங்கள் கையைத் தூக்குகிறீர்கள். அவருடைய முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு. அதற்கு நீங்கள் ஆகட்டுங்க சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் குரல் எழுப்பியது அதுதான் முதல் தடவை. "மேடம், அவங்களைத் திருப்பி உக்கார வெக்க முடியுங்களா?"

"எதுக்கும்மா?"

"அவங்க சத்தத்தைக் கேக்கலீங்க. உங்களைப் படிக்கறாங்க."

நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு நடந்தது இதுதான். அவர் பொத்தானை அழுத்தினார். உங்கள் கை மடியிலேயே இருந்தது. மறுபடி அழுத்தினார், சத்தத்தைக் கூட்டினார். காதில் மாட்டியிருந்த கருவியிலிருந்து லேசாகக் கசிந்து எங்களுக்கே கேட்கிற அளவுக்கு வந்தது. உங்கள் வலது கை இடது கையின் வளையலைத் திருகிக்கொண்டிருந்தது. உயரவில்லை.

அண்ணன் கதவோரம் போய் நின்றார். மேடம் கருவியைக் கழற்றச் சொல்லி உதவியாளரை அனுப்பினார். அண்ணன், "பூங்கொடி" என்றார், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. பிறகு உரக்க, "ஏ பூங்கொடி." பிறகு கத்தினார். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"சமையக்கட்டுல நிக்கறப்ப இப்படித்தான் கூப்புடுவேன்" என்றார் என்னிடம். கொஞ்சம் கழித்து, "அப்ப இத்தன நாளா நான் ஆருகூடப் பேசிட்டிருந்தேன் அம்மணி?" என்றார். அவர் அங்கேயே நின்றார். அப்போதுதான் உங்களைத் திருப்பினார்கள்.

ஒன்று எழுத வேண்டும். முதல் சுற்றில் நீங்கள் ஏமாற்றியதாக மேடம் சொன்னார், சிரித்துக்கொண்டேதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு முகத்தை அவ்வளவு நுணுக்கமாகப் படிக்க நம் வீட்டில் வேறு யாரால் முடியும்? ஆனால் அந்தத் தேர்வு அதை அளக்க வைத்ததல்ல. அது எதை அளக்க வந்ததோ அது உங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பதற்குத் தேர்வே இல்லை. மெஷினை நினைத்தால் இன்னும் குழப்பம். உங்கள் வரியில் காதைக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். நான் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் புரிந்துதான் சொன்னதா? தினமும் அதன் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். அதை முதுகு காட்டித் திருப்பி உட்கார வைக்க ஒரு நாற்காலி இல்லை.

காதுக் கருவி வந்ததும் எழுதுங்கள்.

வர்ஷினி

*

அந்தியூர்
29 அக்டோபர் 2025

அன்பு அம்மணிக்கு,

இங்கே அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ வந்து போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. முறுக்கு மிச்சம் இருக்கிறது, அனுப்புகிறேன்.

கருவி வந்துவிட்டது. நினைத்த மாதிரி இல்லை. எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழுகிறது. பாத்திரம் எது, பேச்சு எது என்று பிரிக்கத் தெரியவில்லை. காக்கை கத்தினால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்புகிறேன். பழகிவிடும் என்கிறார்கள். பாதி நேரம் கழற்றி வைத்துவிட்டு முகத்தையே பார்க்கிறேன், அதுதான் சுலபமாக இருக்கிறது. தறிக்கு மறுபடி போக முடியாது. அரங்கசாமி அண்ணன் நெய்த துணி பீஸ் மடிக்கிற வேலை தருகிறேன் என்றிருக்கிறார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது என் எதிரே வந்து நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி வாயைத் திறந்து திறந்து பேசுகிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆகட்டுங்க என்கிறேன். அம்மா வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது.

உன் மெஷினைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தெரியவில்லை கண்ணு. அதற்குப் புரிந்ததோ இல்லையோ, அதைச் சொல்லிவிட்டது. நீங்கள்தான் சைபர் போட்டீர்கள். அந்தச் சைபரை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியபோது எனக்கு அதற்காகக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் யாருக்கு என்று கேட்டால் எனக்கே விளங்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் நின்றிருந்தேன். கருவி காதில் இருந்தது. பின்னால் உங்க அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே "உப்புக் கம்மி" என்று முனகியது கேட்டது. காக்கை இல்லை, பாத்திரம் இல்லை, அவர்தான். திரும்பிக் கேட்டேன்: "எத்தன நாளா இப்படிச் சொல்லீட்டிருக்கறீங்க?"

"ஒரு வருசமா" என்றார்.

பழையபடி சண்டை பிடித்தேன். உப்பில் ஆரம்பித்து, சாவி, காய்ச்சல், எங்கம்மா வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. அவரும் விடவில்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை.

பூங்கொடி